சன்னல் கம்பியில் சம்பந்தி

என் மகளைத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டி வர முடியாமல் போயிற்று. காரணம் ஒரு துண்டு.

உங்கள் துண்டைச் சொல்லவில்லை, தம்பி. உங்களுடையது கைக்குட்டை. இந்தாருங்கள், மடித்துத்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தீர்கள். சீட்டில் கைக்குட்டை கிடந்தது. எடுத்தேன், உட்கார்ந்தேன். வந்து முறைக்கிறீர்கள். அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சும்மா யாரிடமும் பேசுகிற ஆள் இல்லை நான். தென்காசிக்குத்தானே? பக்கத்தில் உட்காருங்கள். போய்ச் சேருவதற்குள் முடித்துவிடுவேன். நடுவில் கேள்வி கேட்கக் கூடாது. அந்தப் பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அது ஒரு ஆள் இடத்தை அடைக்கிறது.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இருபத்தொன்பது வருஷம் டைம் கீப்பர் நான். விசில் ஊதினால் வண்டி நகர வேண்டும். டிரைவர் பாதி டீயில் இருந்தாலும் சரி, கண்டக்டர் பாதி வடையில் இருந்தாலும் சரி. ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆகிறது. இப்போது எல்லா வண்டியும் லேட்.

எனக்கு ஒரே மகள். கோமதி. தென்காசியில் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை மஸ்கட்டில் வேலை. நல்ல பையன். குறை சொல்ல ஒன்றும் கிடையாது, அவர் அப்பாவைத் தவிர.

அவர் அப்பா, அதாவது என் சம்பந்தி, நெல்லைநாயகம். ஒரு கல்லூரியில் தத்துவ வாத்தியாராக இருந்தவர். கடைசி ஏழு வருஷம் அந்தப் பாடத்துக்கு ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு ஏழு வருஷம் சம்பளம் வாங்கினார். வேறு ஆளாக இருந்தால் தூங்கியிருப்பான். இவர் புதுத் தத்துவங்கள் கண்டுபிடித்தார். ஒன்றல்ல, பதினான்கு. யாரும் கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு இருநூறு பக்க நோட்டு. அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, அலமாரியில் நிற்க வைத்திருக்கிறார். பெண் பார்க்க வந்தபோது இதையெல்லாம் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பேராசிரியர் என்றார்கள். நம்பினோம்.

முதல் நோட்டு, முதல் தோசையியல். காலையில் ஊற்றுகிற முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருகிறது இல்லையா. அது தோசையா, தோசைக்கான முயற்சியா? இதற்கு எண்பது பக்கம். அந்தத் தோசையை யார் தின்கிறார்கள் என்பது மட்டும் எண்பது பக்கத்திலும் இல்லை.

இன்னொன்று மின்வெட்டு மெய்யியல். கரண்டு போனதும் மனுஷன் ஃபியூஸைப் பார்ப்பதில்லையாம், எதிர்வீட்டைப் பார்க்கிறானாம். அங்கேயும் போயிருந்தால் திருப்தியாக வந்து உட்கார்ந்துவிடுகிறானாம். ஆகவே வெளிச்சம் என்பது அடுத்தவனைப் பொறுத்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு எம்.ஏ. பட்டம். என் வீட்டில் கரண்டு போனால் நானும் எதிர்வீட்டைத்தான் பார்ப்பேன். அதற்காக நோட்டு வாங்கினேனா?

கோயில் வாசல் செருப்பியல் என்று ஒன்று. செருப்பு இருக்கும்வரை அது உன்னுடையது என்று உனக்குத் தெரியாதாம், காணாமல் போன பிறகுதான் தெரியுமாம். எனக்கு எப்போதும் தெரியும். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவன்.

சன்னலை மூடுங்கள். தூசி.

இந்த வருஷம் மாசியில் கோமதிக்கு ஏழாம் மாதம் பிறந்தது. வளைகாப்பு. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாப்பிள்ளை வீட்டில் நடக்கும். பெண் வீட்டார் கட்டுச்சோறு கொண்டு போக வேண்டும். வளையல் அடுக்கி, சாப்பிட்டு முடித்ததும், மாமனார் “கூட்டிட்டுப் போங்க” என்று ஒரு வார்த்தை சொல்வார். பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. அது இல்லாமல் பெண் படி இறங்கக் கூடாது.

புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று ஏழு வகைச் சோறு தூக்குகளில் கொண்டு போனோம். நாங்கள் பெண்ணோடு திரும்ப வேண்டிய பஸ் இரண்டு பத்து. அதை விட்டால் மூன்று நாற்பது. மூன்று நாற்பதில் உட்கார இடம் கிடைக்காது. ஆகவே முதல் பந்தியில் சாப்பிட்டாக வேண்டும். பந்திக்குள் நுழைகிறேன், எல்லா நாற்காலியிலும் ஆள். ஒன்றே ஒன்றில் ஆள் இல்லை, மின்விசிறிக்கு நேர்கீழே. அதில் ஒரு துண்டு கிடந்தது. வெள்ளைத் துண்டு, மயில்கண் கரை.

நகர்த்தினேன். கவனியுங்கள், எடுக்கவில்லை. நகர்த்தினேன். பக்கத்தில் சன்னல். கம்பியில் போட்டேன். உட்கார்ந்தேன். இலை விழுந்தது. சாப்பிட்டேன்.

அந்தச் சன்னல் கை கழுவுகிற இடத்துக்குப் போகிற வழியில் இருந்தது. அது என் தப்பா? வீட்டைக் கட்டியவன் தப்பு. கை கழுவிவிட்டு வந்தவர்கள் கம்பியில் துண்டைப் பார்த்தார்கள். துடைத்தார்கள். ஒருவர் துடைத்தால் பின்னால் வருகிறவர் சும்மா இருப்பாரா? நாற்பது பேர் துடைத்திருப்பார்கள். சிலர் வாயையும்.

பந்தியே எழுந்துவிட்டது, நான் இரண்டாவது பாயசத்தில் இருக்கிறேன், சம்பந்தி வந்து பின்னால் நிற்கிறார்.

“சம்பந்தி, இங்க நான் இருந்தேன்.”

“நீங்க வாசல்லல்லா நின்னு எல்லாரையும் வாங்கன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க.”

“அங்கயும் இருந்தேன். இங்கயும் இருந்தேன்.”

“இங்க துண்டுதான இருந்தது.”

“அதத்தான் சொல்லுதேன்.”

பிறகு கம்பியைப் பார்த்தார். துண்டை இரண்டு விரலால் தூக்கினார். பாதி மஞ்சள், பாதி பழுப்பு, ஒரு மூலையில் ஒரு முந்திரிப்பருப்பு. தோளில் போடவில்லை. இருந்த இடத்திலேயே திரும்பத் தொங்கவிட்டுவிட்டு, முன்கூடத்தில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கோமதிக்குத் தலை நிறையப் பூ, கை நிறைய வளையல். பெட்டி தயார். நான் போய்க் கேட்டேன்.

“சம்பந்தி, நேரமாகுது. பிள்ளையக் கூட்டிட்டுக் கெளம்புறோம். ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“யார்ட்ட கேக்கீங்க?”

“உங்ககிட்டத்தான்.”

“நான் இங்க இல்லையே. சன்னல் கம்பியில தொங்குதேன். நாப்பது பேர் எம்மேல கை தொடச்சிருக்காங்க. அங்க போய்க் கேளுங்க.”

கூடத்தில் நிறையப் பேர். யாரும் சிரிக்கவில்லை, அவர் சிரிக்கிற மாதிரிச் சொல்லவும் இல்லை. என் வீட்டுக்காரி என் முழங்கையைப் பிடித்து, “ஏங்க, போய்க் கேட்டுத் தொலைங்களேன். சன்னலு பத்தடிதான” என்றாள். துணியிடம் அனுமதி கேட்க நான் என்ன கிறுக்கனா? மணி பார்த்தேன். ஒன்று ஐம்பத்தைந்து. கிளம்பிவிட்டேன். வீட்டுக்காரி பின்னால் அழுதுகொண்டே வந்தாள். கோமதி வாசலில் பெட்டியோடு நின்றாள். என்ன செய்வது? பஸ் யாருக்காகவும் நிற்காது. நானே நிற்கவிட்டதில்லை.

இரண்டு பத்து அன்றைக்கு இரண்டு முப்பதுக்குத்தான் எடுத்தான். அது வேறு விஷயம்.

மறுநாளிலிருந்து ஒரு கூத்து ஆரம்பித்தது. தினம் காலை ஒன்பது மணிக்குச் சம்பந்தியிடமிருந்து போன் வரும். இரண்டு தடவை அடிக்கும், நின்றுவிடும். மிஸ்டு கால். அவருடைய ஆறாவது நோட்டு எடுக்கப்படா அழைப்பியல். எடுக்காத அழைப்பில்தான் மனுஷன் மனசில் இருப்பதை முழுசாகச் சொல்கிறானாம், எடுத்துப் பேசினால் வார்த்தை வந்து கெடுத்துவிடுமாம். வீட்டுக்காரி சொன்னாள், “அவரு எறங்கி வாராரு. திரும்ப ஒரு போன் போடுங்க.” நான் போடவில்லை. அவசரம் என்றால் எடுக்கும்வரை அடிக்க வேண்டும். எட்டு நாள் அடித்தார். ஒன்பதாம் நாள் அடிக்கவில்லை. “பாத்தியா, எவ்வளவு திமிரு” என்றேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை மஸ்கட்டிலிருந்து பேசினார். “மாமா, நான் அங்க இருந்தா உடனே கொண்டாந்து விட்ருவேன். ஆனா அப்பா சொல்லாம நான் எப்படி?” நல்ல பையன் என்று சொன்னேனே. அவ்வளவுதான் அவருடைய உபயோகம்.

சரி, நேரில் போய் முடித்துவிடலாம் என்று ஒரு புதன்கிழமை கிளம்பினேன். புதன்கிழமை வண்டி காலியாக இருக்கும். சம்பந்தி வரவேற்றார். நாற்காலி போட்டார். நான் உட்காரும்முன் நாற்காலியை ஒருமுறை நன்றாகப் பார்த்தார், அதில் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்பதுபோல. துண்டு இன்னும் சன்னல் கம்பியில் இருந்தது. தோய்க்கவில்லை. யாரையும் தொடவும் விடவில்லையாம். ஈ மொய்த்தது.

பிறகு பதினைந்தாவது நோட்டை எடுத்து நீட்டினார். புதுசு. லேபிளில் ‘பதிலிருப்பியல்’ என்று எழுதியிருந்தது. ஒரு ஆளுக்குப் பதிலாக ஒரு பொருள் இருந்தால் அந்த ஆள் இருக்கிறானா என்பதைப் பற்றிய தத்துவம். ரேஷன் கடை வரிசையில் ஆளுக்குப் பதில் கல் வைக்கிறார்களே, குழாயடியில் குடம் வைக்கிறார்களே, அதெல்லாம் முதல் ஐந்து அத்தியாயம். ஆறாவதில் நான். பெயர் போடவில்லை. ‘உதாரணமாக, பொறுமையற்ற ஒரு காலக்கணக்கர்’ என்று போட்டிருந்தது. ‘அவர் துண்டை எடுத்தெறிந்தார்’ என்றும் இருந்தது.

“எடுத்தெறியல, சம்பந்தி. நகர்த்தினேன்.”

“நகர்த்துனா அது நாற்காலிக்கு உள்ளயே இருந்திருக்கணும்லா?”

“மடிச்சுத்தான் போட்டேன்.”

“மடிச்சுப் போட்டதா தெரியலையே. ரெண்டா தொங்குச்சே.”

“கம்பியில போட்டா ரெண்டாத்தான தொங்கும்.”

அப்படியே ஒன்றரை மணி ஆகிவிட்டது. ‘எடுத்தெறிந்தார்’ என்பதை அடிக்க வைத்தேன். ‘அப்புறப்படுத்தினார்’ என்று போட்டார். அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த புதன் வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்காரி வாசலிலேயே நின்றாள். “கோமதி எங்க?”

“‘எடுத்தெறிந்தார்’ங்கிறத எடுக்க வச்சாச்சு. இன்னும் ஒரு வார்த்தைதான் பாக்கி.”

இரண்டாவது புதனும் ஒரு வார்த்தைதான் பாக்கி. மூன்றாவது புதன் அவர் என் உத்தியோகத்தைப் பிடித்துக்கொண்டார். கோமதி ஏதோ சொல்லியிருக்கிறாள்.

“சம்பந்தி, பஸ் ஸ்டாண்டுல துண்டுத் தகராறு வந்தா நீங்க என்ன தீர்ப்பு சொல்லுவீங்க?”

“துண்டு போட்டவன் எடம். அதுல பேச்சே கெடையாது. எத்தனை பேர எழுப்பிவிட்டிருக்கேன்.”

“அப்போ என் துண்டு?”

“பஸ் ஓடுறது, சம்பந்தி. பந்தி நிக்கிறது. ஓடுறதுல துண்டு ஆளு. நிக்கிறதுல துண்டு துணி.”

சம்பந்தி பேனாவை மூடியவர் மறுபடி திறந்தார். “மெதுவாச் சொல்லுங்க” என்று சொல்லி எழுதிக்கொண்டார். இரண்டு முறை படித்துப் பார்த்தார். அதற்கு நகர்த்தல்வாதம் என்று பெயர் வைத்து, என்னை அதன் மூலவர் என்று போட்டார். எனக்கு ஒரு வாதம் இருக்கிறதாம். முழங்காலில் இருக்கிற வாதம் போதாதென்று. நான் தத்துவம் பேசவில்லை, தம்பி. உள்ளதைச் சொன்னேன். ஆனால் அதற்கு அவர் எழுதிய மறுப்பு முழுக்கத் தப்பு. ஆகவே வரும் வழியில் நானும் ஒரு நோட்டு வாங்கினேன். நூறு பக்கம் போதும். அவரைப் போல வளவளவென்று எழுதுகிறவன் இல்லை.

என்ன? பஸ் ஓடுகிறது, உங்கள் கைக்குட்டை சீட்டில் இருந்தது, அப்படியானால் என்கிறீர்களா? கேள்வி கேட்கக் கூடாது என்றேன். கைக்குட்டைக்கு அந்த அதிகாரம் கிடையாது. முகம் துடைப்பது வேறு, தோளில் கிடப்பது வேறு. என் நோட்டில் பதினொன்றாம் அத்தியாயம்.

இப்படியே ஏழு புதன். காலை ஆறு ஐம்பது வண்டியில் போவேன். பதினொரு மணிக்குச் சம்பந்தியம்மா காபி கொண்டுவந்து வைப்பார்கள். சத்தம் காட்டாமல் வைத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் பேச்சை நிறுத்த வேண்டியிருக்காது. நல்ல காபி. ஒரு மணிக்குச் சாப்பாடு. அதற்குள் ஒரு பக்கம், சில நாள் ஒன்றரைப் பக்கம் முன்னேறுவோம்.

ஏழாவது புதன், கோமதி உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“அப்பா, வந்த வேலை என்னாச்சு?”

“நடந்துக்கிட்டிருக்கு.”

“எதுவரைக்கும்?”

“எட்டாம் அத்தியாயம்.”

அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள். வீங்கியிருந்தது. மெட்டி விரலில் புதைந்திருந்தது.

“டாக்டரம்மா ஒம்பதாம் மாசம் பொறந்துட்டா பஸ்ஸும் வேண்டாம், காரும் வேண்டாம்னுட்டாவ. இங்கயே இருந்துக்கோன்னுட்டாவ. இன்னும் ஒம்பது நாளுதாம்ப்பா இருக்கு.”

“ஒம்பது நாளுக்குள்ள ஒரு புதன் இருக்கு” என்றேன்.

“அம்மா பக்கத்துல இல்லாம எனக்குப் பயமா இருக்குப்பா. தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்துக்கிடுதேன்.”

மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது. கேட்காமல் என்ன? அதற்காகத்தானே இவ்வளவு பாடு படுகிறேன். உடனே சம்பந்தியிடம் திரும்பிக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். “அடுத்த புதன் மிச்சம் ரெண்டு அத்தியாயத்தையும் முடிச்சாகணும். நிறுத்தி நிறுத்திப் படிக்காதீங்க.” அவரும் ஒத்துக்கொண்டார். கோமதி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். சம்பந்தியம்மா கதவருகில் நின்றுகொண்டிருந்தார்கள். காபித் தம்ளர் எடுக்க வந்திருப்பார்கள்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரி, “நான் போய்க் கூட்டிட்டு வரட்டா?” என்றாள்.

“நீ நடுவுல புகுந்தா பேச்சுவார்த்தை கெட்டுப் போகும்.”

“யார் பேச்சு, யார் வார்த்தை?” என்று கேட்டாள். அவளுக்கு விஷயம் புரியாது. ஒரு அத்தியாயம்கூடப் படித்தவளில்லை.

எட்டாவது புதன். ஆறு ஐம்பது வண்டி, நேரத்துக்கு எடுத்தான். சுரண்டையில் எதிர்வண்டி தாண்டியது. அது நான்கு நிமிஷம் லேட். பழக்கதோஷம், நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். நம்பரும் குறித்தேன். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது டைம் கீப்பர் வேலை இல்லை. அந்த இருபத்தொன்பது வருஷத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை.

சம்பந்தி குளித்துத் திருநீறு பூசித் தயாராக இருந்தார். உட்கார்ந்தோம். அன்றைக்குப் பேச்சு சூடாகத்தான் இருந்தது. அவர் ‘அப்புறப்படுத்தல்’ என்பதை விடமாட்டேன் என்றார். நான் ‘நகர்த்தல்’ என்பதை விடமாட்டேன் என்றேன். ஒருமுறை அவர் எழுந்து நின்றுவிட்டார். ஒருமுறை நான் செருப்பைத் தேடினேன். கடைசியில் பன்னிரண்டு ஐம்பதுக்கு ‘இடம் மாற்றினார்’ என்று இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை அகப்பட்டது. அவர் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். தேதி போட்டோம். அவர் எழுந்து போய்ச் சன்னல் கம்பியிலிருந்து துண்டை எடுத்தார். விறைத்து அப்பளம் மாதிரி இருந்தது. உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்று சத்தமாகச் சொன்னார்.

“கூட்டிட்டுப் போங்க, சம்பந்தி. பிள்ளையச் சந்தோசமாக் கூட்டிட்டுப் போங்க.”

“கோமதி, பெட்டிய எடும்மா” என்றேன்.

பதில் இல்லை.

அவரும் கூப்பிட்டார். பதில் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பதினொரு மணிக் காபி வரவில்லை. ஒரு மணி ஆகப்போகிறது, இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை. உள்ளே போய்ப் பார்த்தோம். அறையில் யாரும் இல்லை. பெட்டி இல்லை. அடுப்படியில் சோறு வடித்துத் தட்டு போட்டு மூடியிருந்தது. சுண்டைக்காய்க் குழம்பு, ஒரு பொரியல். இரண்டு பேருக்குத்தான் இருந்தது. இரண்டு இலை நறுக்கித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது.

சம்பந்தி அடுப்படி வாசலிலேயே நின்றார். நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன், இதற்கும் ஒரு இயல் சொல்லப்போகிறார் என்று. சொல்லவில்லை. “குடையக் காணும்” என்றார். கொஞ்சம் கழித்து, “அவ செருப்பையும் காணும்” என்றார். பதினைந்து நோட்டு எழுதிய மனுஷன் சொன்னதில் எனக்கு உடனே புரிந்தது அது ஒன்றுதான்.

என் போன் அடித்தது. மிஸ்டு கால் இல்லை, விடாமல் அடித்தது. வீட்டுக்காரி.

“எங்க இருக்கீங்க?”

“தென்காசியிலதான். முடிஞ்சிட்டு. சம்மதம் வாங்கிட்டேன்.”

“எதுக்கு?”

“கோமதிய அனுப்பத்தான்.”

“அவ இங்க சாப்பிட்டுக்கிட்டிருக்கா. ரெண்டாவது தடவ ரசம் கேக்கா” என்றாள். வைத்துவிட்டாள்.

நடந்ததைக் கோமதி பிறகு சொன்னாள். நான் வருவதற்கு முன்னாலேயே, காலையில் சம்பந்தி குளிக்கப் போயிருந்த நேரம், சம்பந்தியம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, “கெளம்பு தாயி” என்றார்களாம். கோமதி பயந்துபோய், “மாமாட்ட ஒரு வார்த்தை சொல்லண்டாமா அத்தை?” என்று கேட்டிருக்கிறாள்.

“அவிய எங்க இங்க இருக்காவ? ரெண்டு மாசமாச் சன்னல் கம்பியிலல்லா தொங்குதாவ. இல்லாத ஆள்ட்ட என்னத்தக் கேக்க.”

அவ்வளவுதானாம். பஸ்ஸில் ஏறி, முன்பக்கம் குலுங்காத சீட்டாகப் பார்த்து உட்கார வைத்து, இடுப்புக்கு ஒரு தலையணை முட்டுக்கொடுத்து, சங்கரன்கோவில்வரை காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மாமியார்க்காரி மருமகளைத் தாய்வீட்டில் கொண்டுவந்து விடுவது என்பது கேள்விப்படாத சங்கதி. தெருவில் நாலு பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தி கேட்டேவிட்டாள், “நீங்களே கொண்டாந்து விடுதியளே, முறையில்லையே” என்று. “எம் மருமவளுக்குக் காலு வீங்கியிருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார்களாம்.

விட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள் என்று பார்த்தேன். போகவில்லை. முப்பத்தொன்பது நாள் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். என் வீட்டுக்காரியும் அவர்களும் அடுப்படியில் என்னத்தையோ பேசிப் பேசிச் சிரிப்பார்கள். நான் போனால் நிறுத்திவிடுவார்கள். பகல் பதினொரு மணிக்குப் பிரசவம். பெண்பிள்ளை. இரண்டே முக்கால் கிலோ. வலி வந்தபோது கோமதி ஒரு கையில் அவள் அம்மாவையும் ஒரு கையில் மாமியாரையும் பிடித்துக்கொண்டிருந்தாளாம். நான் வெளியே பெஞ்சில் மறுப்பு எழுதிக்கொண்டிருந்தேன். தள்ளிப் போட முடியாது. விஷயம் அப்படி.

விஷயம் என்னவென்றால், சம்பந்தி நோட்டில் புதிதாக ஒரு அத்தியாயம் ஆரம்பித்துவிட்டார். பன்னிரண்டு ஐம்பதுக்குத் தான் கொடுத்த அனுமதி பின்னோக்கிப் போய்க் காலை ஏழு மணி பஸ்ஸையும் பிடித்துக்கொண்டதாம். ஆகவே கோமதி முறைப்படிதான் புறப்பட்டாளாம், அனுப்பியது தானாம். எப்படி இருக்கிறது? புறப்பட்ட வண்டிக்குப் பின்னாலிருந்து விசில் ஊதினால் அது என் கணக்கா? எட்டுப் புதன் நான் போய் மல்லுக்கட்டியதால்தான் காரியம் நடந்தது. அதைத்தான் நான் எழுதியிருக்கிறேன். இன்றைக்குப் போய் அந்த அத்தியாயத்தை அடிக்க வைக்காமல் திரும்பப் போவதில்லை. பேத்தியா? நன்றாக இருக்கிறாள். நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. கண்ணைத் திறந்து பார்க்கிறாள் என்கிறார்கள். நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் தூங்குகிறாள்.

சிரிக்காதீர்கள். அப்படியென்றால் யார்தான் தீர்த்து வைத்தது என்று கேட்கிறீர்கள். முன்னாலேயே சொன்னேன் கேள்வி கூடாதென்று. அவரா நானா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. மூன்றாவது ஒரு ஆளை நாங்கள் இரண்டு பேரும் எழுதவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் சேர்க்கிறபோது ஒரு ரிஜிஸ்தரைத் தள்ளி, கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர் யார், பெயர் எழுதுங்கள் என்றார்கள். பேனா என் கையில். ‘சம்பந்தியம்மா’ என்று எழுதினேன். அந்த நர்ஸ் பெண், “அது பேராய்யா? பேரு எழுதுங்க” என்றாள். நான் யோசித்தேன். நான்கு வருஷச் சம்பந்தம். கல்யாணப் பத்திரிகையில் போட்டிருந்திருப்பார்கள். நான் முகூர்த்த நேரத்தை மட்டும்தான் பார்த்தேன். பேனாவை வைத்துக்கொண்டு நிற்கிறேன், பின்னால் வரிசை நிற்கிறது. சம்பந்தியம்மாவே வந்து என் கையிலிருந்து பேனாவை வாங்கி, நான் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் குண்டு குண்டாக எழுதினார்கள்.

எழுந்திருங்கள், தென்காசி வந்துவிட்டது. ஏழு நிமிஷம் லேட்.

குழல்வாய்மொழி.